பதினோரு நாள் என்றால் பதினோரு நாள்

ஏழாவது படியில் நின்று மைக் அக்கா குதித்துப் பார்க்கிறார். ஒரு முறை அல்ல, மூன்று முறை. தலையில் அவர் வீட்டுக்காரருடைய ஸ்கூட்டர் ஹெல்மெட், மூக்கில் வெள்ளெழுத்துக் கண்ணாடி, கையில் போன். அந்தப் படிக்கட்டு எந்த மாடிக்கும் போகவில்லை. எங்கள் பட்டறைத் தரையில் கிளம்பி, எட்டாவது படி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்றாக முடிகிறது.

"ஆடல!" என்று மேலேயிருந்து கத்துகிறார்.

வெல்டர் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறார். "என்னக்கா?"

"ஆடலன்னு சொன்னேன்!"

"படி ஆடல. நீங்கதான் ஆடுறீங்க. இறங்குங்கக்கா."

அவர் இறங்கமாட்டார். அங்கேயே நின்று இரண்டு கட்டைவிரலாலும் போனில் தட்டுவார். 'முடிந்தது: ஏழு படிகள். முடியாதது: எட்டு படிகள், கைப்பிடி முழுவதும். உங்களிடமிருந்து வேண்டியது: கைப்பிடிக்கு என்ன நிறம் என்ற பதில். இதை மூன்றாவது வாரமாகக் கேட்கிறேன்.' அனுப்பிவிட்டுத்தான் அடுத்த காலை எடுத்து வைப்பார். எந்தப் படி வரைக்கும் வேலை முடிந்திருக்கிறதோ, அந்தப் படியில் நின்றுதான் அந்த வாடிக்கையாளருக்கு மெயில் எழுதுவது அவர் வழக்கம். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் பட்டறைக்கு வந்தால், ஹெல்மெட் போட்ட ஒரு பெண்மணி வேறு வேறு உயரங்களில் நின்று யோசித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஆரம்பிக்காத வேலை என்றால் தரையில் நின்று எழுதுவார். அப்படித் தரையிலேயே அவர் வெகுநேரம் நிற்கிற வெள்ளிக்கிழமைகளில் நான் வெளியே ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன்.

நான் படிக்கட்டு செய்கிறவன். முப்பத்தொரு வருஷமாகச் செய்கிறேன். நேர்ப்படி, வளைவு, சுழல், மரம், இரும்பு, எது வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம், பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம். பத்தொன்பது வயதில் கடன் வாங்கிய சுத்தியலோடு தொடங்கினேன். இன்றைக்கு இந்த நகரத்தில் மாடி ஏறுகிறவர்களில் பாதிப் பேர் என் முதுகில்தான் ஏறுகிறார்கள் என்று சொல்வேன். பாதி என்பதை மைக் அக்கா ஒப்புக்கொள்வதில்லை. "எண்ணினீங்களா முதலாளி?" என்பார். இந்தப் பத்திரிகைக்காரர்கள் என்னைப் பற்றி எழுதத்தான் வந்தார்கள். என்னைப் பற்றித்தான் எல்லோருக்கும் தெரியுமே, தெரியாத ஆளைப் பற்றி நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் வருவதற்கு முன்னால் வாடிக்கையாளர்களுக்குத் தகவல் சொல்வது என் வேலை. போன் அடிக்கும். எடுப்பேன். "வேலை ஜோரா போயிட்டிருக்கு சார்" என்பேன். வைத்துவிடுவேன். முப்பது வருஷம் இந்த ஒரே வாக்கியத்தில் தொழில் நடத்தினேன். அப்புறம் வாடிக்கையாளர்களின் பிள்ளைகள் தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் போன் பிடிக்காது. எல்லாவற்றையும் மெயிலில் எழுதச் சொன்னார்கள். எழுத ஒரு ஆள் தேவைப்பட்டது. ரயில் நிலையத்தில் பன்னிரண்டு வருஷம் அறிவிப்பு செய்தவர், இப்போது வேலை இல்லாமல் இருக்கிறார் என்று சொல்லி ஒருவரை அனுப்பி வைத்தார்கள். அவர்தான் மைக் அக்கா. வெல்டர் வைத்த பெயர் அது. அவர் டீ வேண்டும் என்று கேட்டாலே எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கத் தோன்றும், அப்படி ஒரு குரல்.

"படிக்கட்டப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?" என்று முதல் நாள் கேட்டேன்.

"ஒண்ணும் தெரியாதுங்க. அதனாலதான் ஏறிப் பாத்துட்டு எழுதுவேன்."

"நான் சொல்றத எழுதினா போதாதா?"

"நீங்க சொல்றத நான் பாத்தா எழுதுறேன். பாக்காதத எழுதச் சொன்னா அன்னிக்கே பையை எடுத்துட்டுக் கிளம்பிடுவேன். இப்பவே சொல்லிடுறேன், அப்புறம் மனஸ்தாபம் வேண்டாம்."

நல்ல குரலாக இருக்கிறதே என்று சேர்த்துக்கொண்டேன். முதல் வெள்ளிக்கிழமையே நான் சொன்ன வாக்கியத்தை எழுத மறுத்தார்.

"வேலை போயிட்டிருக்குன்னா, எங்க போயிட்டிருக்கு முதலாளி? நான் இப்பதான் பாத்தேன். போன வாரம் கிடந்த இடத்துலயே கிடக்கு."

"சரிம்மா, எழுபது பர்சென்ட் முடிஞ்சதுன்னு போடு."

"எந்த எழுபது? கீழ எழுபதா, மேல எழுபதா? ஏறுறவரு மீதி முப்பதுல எங்க காலை வைப்பாரு?"

வெல்டர் முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டு சிரித்தார். முகமூடி குலுங்கியதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

'கிட்டத்தட்ட', 'ஏறக்குறைய', 'சின்னச் சின்ன வேலை', 'இப்போ வந்துடும்' என்று நான் ஆண்டு அனுபவித்த வார்த்தைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டார். அவர் கண்ணில் ரத்தம் வரவைப்பது 'சற்று நேரத்தில்'. அதை யாராவது பேச்சுவாக்கில் சொன்னால்கூட, பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

அவருக்கு எல்லாமே மூன்று தலைப்புதான். முடிந்தது, முடியாதது, உங்களிடமிருந்து வேண்டியது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வீட்டுக்காரருக்கு ஒட்டுகிற சீட்டும் அப்படியேதான். 'முடிந்தது: காய் நறுக்கியது. முடியாதது: சமையல். காரணம்: தூங்கிவிட்டேன். உங்களிடமிருந்து வேண்டியது: அடுப்பைப் பற்றவைப்பது, பிறகு என்னை எழுப்புவது.' அந்த மனுஷரும் பழகிப்போனார். ஒரு நாள் பட்டறைக்கு வந்தவரிடம், சௌக்கியமா என்று கேட்டேன். "சளி போயிடுச்சு, இருமல் இருக்கு, உங்ககிட்ட வேண்டியது ஒரு நாற்காலி" என்றார்.

ஒரு வக்கீலுடைய மரப்படிக்கட்டுக்கு ஒரு வாரம் அவர் எழுதிய மெயில் இன்றும் பட்டறையில் பிரபலம். 'முடிந்தது: ஒன்றுமில்லை. இந்த வாரம் உங்கள் படிக்கட்டை யாரும் தொடவில்லை. தொட்டது என்று சொன்னால், வெல்டர் இரண்டு நாள் அதன்மேல் உட்கார்ந்து மதியம் சாப்பிட்டார். துடைத்துவிட்டோம்.' வக்கீல் கேஸ் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போனில் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "உக்காந்தப்ப சத்தம் வந்துச்சா?" வரவில்லை என்றதும் சந்தோஷமாக வைத்துவிட்டார்.

இதெல்லாம் சில்லறைக் கூத்து. பெரிய கூத்து பல் டாக்டருடைய சுழல் படிக்கட்டு.

பல் டாக்டர் ஒரு சின்னப் பெண். கீழே ஒரே அறையில், ஒரே நாற்காலியில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தவர், மாடியில் இரண்டாவது நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டார். நாற்காலியைக் கிரேன் வைத்து ஜன்னல் வழியாக ஏற்றினார்கள். நோயாளிகளைக் கிரேனில் ஏற்ற முடியாதே. அதனால் படிக்கட்டு வேண்டும். குறுகலான இடம். நேர்ப்படி நிற்காது. பதிமூன்று படிச் சுழல் ஒன்றுதான் வழி, அதைச் செய்ய இந்த நகரத்தில் நான் ஒருத்தன்தான் வழி.

வரைபடம் வந்தது. மெல்லிய, ஒளி ஊடுருவுகிற தாள். எங்கள் அலுவலகம் என்பது பட்டறைக்கு உள்ளேயே நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு அறை. அந்தக் கண்ணாடியில் வரைபடத்தை நானே என் கையால் ஒட்டினேன். உள்ளே வந்து உட்காருகிற வாடிக்கையாளர்கள் பார்த்து அசந்து போகட்டும் என்று, உள்பக்கம் பார்க்கிற மாதிரி ஒட்டினேன்.

என் மேஸ்திரி என் மனைவியின் தம்பி. கெட்டிக்காரன், ஆனால் கண்ணாடி அறைக்குள் வரமாட்டான். காலில் இரும்புத்தூள், தரையெல்லாம் ஒட்டும் என்று என் மனைவி திட்டிய நாளிலிருந்து வருவதில்லை. எந்த வரைபடமானாலும் வெளியே நின்று கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பான். எண்கள் திரும்பித் தெரியுமே என்றால், "எனக்கு எந்தப் பக்கம் பாத்தாலும் அளவு தெரியும் மச்சான்" என்பான். உண்மைதான். இருபது வருஷம் அப்படியே பார்த்து ஒரு அங்குலம் தப்பியதில்லை. நேர்ப்படிக்கட்டுக்கு முன்பக்கம் பார்த்தால் என்ன, பின்பக்கம் பார்த்தால் என்ன?

சுழலுக்கு அப்படியில்லை.

மூன்று வாரம் வேலை நடந்தது. மைக் அக்கா மூன்று வெள்ளிக்கிழமை அதில் ஏறினார். முதலில் நான்காவது படி, பிறகு ஒன்பதாவது படி, அப்புறம் பதிமூன்றாவது படி, கைப்பிடியோடு. குதித்தார். ஆடவில்லை. எழுதினார். திங்கட்கிழமை கொண்டுபோய் மாட்டுவதாக ஏற்பாடு. அந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை மாலை அறைக்குள் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தவர், டீயைக் கீழே வைத்தார். கண்ணாடியில் வரைபடம். அதற்கு நேர் பின்னால், வெளியே, நிஜப் படிக்கட்டு நிற்கிறது. தாளுக்குள் இருக்கிற படிகள் இந்தப் பக்கம் வளைந்து ஏறுகின்றன. இரும்புப் படிகள் அந்தப் பக்கம் வளைந்து ஏறுகின்றன. இரண்டும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வெட்டிக்கொண்டு நிற்கின்றன.

"முதலாளி" என்றார், பிளாட்பாரம் மாறிவிட்டது என்று சொல்கிற குரலில்.

நான் பார்த்தேன். மேஸ்திரியை உள்ளே கூப்பிட்டேன். இரும்புத்தூளோடு முதல் முறையாக உள்ளே வந்தான். பார்த்தான்.

"அட, இந்தப் பக்கம் இருந்து பாத்தா இப்படியா தெரியும்?" என்றான்.

"இருபது வருஷமா இப்படித்தான்டா தெரியுது!"

"ஒண்ணும் பயப்படாதீங்க மச்சான். தலைகீழா நிறுத்திட்டா அந்தப் பக்கம் சுத்துறது இந்தப் பக்கம் சுத்தும்."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆறு பேர், இரண்டு சங்கிலி, ஒன்றரை மணி நேரம். படிக்கட்டைத் தூக்கித் தலைகீழாக நிறுத்தினோம். எல்லோரும் நாலடி பின்னால் நகர்ந்து பார்த்தோம். அது சாவதானமாக அதே பக்கம்தான் சுற்றிக்கொண்டு நின்றது. மேஸ்திரி அதைச் சுற்றி ஒரு நடை நடந்தான். எதிர்ப்பக்கமாகவும் ஒரு நடை நடந்தான். "இது என்ன மச்சான், மானத்த வாங்குது" என்றான். இன்றைக்கும் எனக்கு அது ஏன் என்று விளங்கவில்லை. படித்தவர்கள் யாராவது பத்திரிகைக்கு எழுதுங்கள்.

அப்படியே கொண்டுபோய் மாட்டலாம் என்றால், அதில் ஏறுகிறவர் மாடிக்குப் போகமாட்டார். சுவரில் போய் மூக்கை இடித்துக்கொள்வார். புதிதாகத்தான் செய்ய வேண்டும். மேஸ்திரி விரல் விட்டு எண்ணிப் பதினோரு நாள் என்றான். மைக் அக்கா அவனைத் திரும்ப எண்ணச் சொன்னார். திரும்பவும் பதினோரு நாள்.

"மெருகு வேலை கொஞ்சம் பாக்கின்னு போடும்மா" என்றேன். பழக்கதோஷம்.

அவர் நாற்காலியின் முதுகில் தொங்கிய பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, சரி. தப்பு நடந்துபோச்சுன்னே போடு. யாரு, எப்படிங்கறது மட்டும் வேண்டாம். முப்பத்தொரு வருஷத்துப் பேரு."

பையை நாற்காலியில் திரும்ப மாட்டினார். எழுதினார். 'ஒரு தவறு காரணமாகப் படிக்கட்டு பொருந்தவில்லை. புதிதாகச் செய்கிறோம். பதினோரு நாள் ஆகும்.' உண்மையான மெயில்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது.

கால் மணி நேரத்தில் டாக்டரிடமிருந்து பதில் வந்தது. அவருடைய அப்பாவுக்கு மருந்துக்கடை. பல வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்கும் நான்தான் படிக்கட்டு செய்தேன். அந்த மனுஷர் என் பேச்சையெல்லாம் ஒரு பட்டியல் போட்டு அலமாரிக் கதவுக்கு உள்ளே ஒட்டி வைத்திருக்கிறாராம். மகள் போய்ப் பார்த்திருக்கிறார். 'நாளைக்கு' என்றால் அடுத்த வாரம். 'அடுத்த வாரம்' என்றால் மழைக்காலம் கழித்து. 'முடிஞ்சிருச்சு' என்றால் மரம் வாங்கியாயிற்று. 'பத்து நாள்' என்றால் இரண்டரை மாதம். டாக்டர் எழுதியிருந்தார்: 'பதினோரு நாள் பட்டியலில் இல்லை. அப்பா மூன்று மாதம் என்கிறார். அவ்வளவு நாள் என்னால் முடியாது. நோயாளிகளுக்குத் தேதி கொடுத்துவிட்டேன். படிக்கட்டு வேண்டாம். மாடி நாற்காலியைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். வலிக்காமல் பிரிந்துவிடலாம்.'

மைக் அக்கா அந்த மெயிலை அவருடைய ரயில் குரலில் வாசித்தார். பட்டறை முழுக்கக் கேட்டது. வெல்டர் முகமூடியைத் தூக்கவே இல்லை.

நான் வாய்ச்சவடால் பேர்வழி என்று எனக்கே தெரியும். ஆனால் என் வாய்ச்சவடாலை ஒருவர் அலமாரியில் ஒட்டிவைத்து, அது வாரிசுச் சொத்து மாதிரி மகளுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை.

"பாத்தியாம்மா? உண்மையச் சொன்னோம், ஆர்டர் போச்சு" என்றேன்.

"உண்மையச் சொன்னோம் முதலாளி. ஆனா உங்க குரல்ல சொல்லிட்டோம்" என்றார். அப்புறம் போனில் தன் பழைய மெயில்களைத் திறந்தார். "நானும்தான். மூணு வெள்ளிக்கிழமை ஏறிக் குதிச்சு, முடிந்தது முடிந்ததுன்னு எழுதினேன். ஒரு தடவைகூட வரைபடத்தோட வச்சுப் பாக்கல. ஸ்டேஷன்ல இருக்கே என் மிஷின், அது மாதிரி ஆயிட்டேன்."

இந்த மிஷின் கதையை அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னார். அறிவிப்பாளராக இருந்த காலத்தில், வண்டி தாமதம் என்றால் சிக்னல் அறைக்கு ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்துதான் மைக்கைத் தொடுவார். 'நாற்பது நிமிடம் தாமதம். டீக்கடை திறந்திருக்கிறது' என்பார். ஜனங்கள் அதை நம்பித் தூங்குவார்கள், டீ குடிப்பார்கள், சண்டையை முடித்துக்கொள்வார்கள். பிறகு ஒரு நாள் அவரை ஒரு அறையில் உட்கார வைத்து, ஊர்ப் பெயர், எண், நேரம் என்று ஒவ்வொரு வார்த்தையாகப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். மறுமாதம் முதல் மிஷின் பேசியது. இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "அந்த 'சற்று நேரத்தில்' மட்டும் வேண்டாம் சார்னு அன்னிக்கே சொன்னேன். சும்மா இருக்கட்டும்மா, எப்பவாவது உதவும்னாங்க. இப்ப எல்லாத்துக்கும் அதத்தான் போடுறாங்க. ரெண்டு மணி நேரம் லேட்டா வர்ற வண்டிக்கும் 'சற்று நேரத்தில்'. என் குரல் முதலாளி! நான் இங்க உக்காந்திருக்கேன், அது அங்க பொய் சொல்லிட்டிருக்கு. நிறுத்தவும் முடியல." அதனால் அவர் குடும்பத்தில் யாரும் ரயிலில் போவதில்லை. பஸ்தான்.

சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தலைகீழாக நின்ற படிக்கட்டில் எங்கே ஏறுவது என்று பார்த்தார். ஏற இடமில்லை. தரையில் நின்றே எழுத ஆரம்பித்தார்.

'பொருள்: உங்கள் படிக்கட்டு எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.

முடிந்தது: உங்களுக்குப் பயன்படாத ஒரு படிக்கட்டு.

முடியாதது: உங்களுக்குப் பயன்படும் படிக்கட்டு.

காரணம்: எங்கள் முதலாளி வருகிறவர்கள் பார்த்து வியக்க வேண்டும் என்று வரைபடத்தைக் கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டினார். மேஸ்திரி வெளியே நின்று பார்த்துச் செய்தார். நான் மூன்று வாரம் அதில் ஏறிக் குதித்தேன். ஒரு முறைகூட வரைபடத்தோடு ஒப்பிடவில்லை. தவறு தெரிந்த பிறகு அதைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தோம். அப்போதும் அது அதே பக்கமே சுற்றுகிறது.

புதிய படிக்கட்டுக்குப் பதினோரு நாள். மேஸ்திரி இரண்டு முறை எண்ணினார். பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு உங்கள் வாசலில் இருப்போம். தினமும் மாலை எத்தனை படி ஆயிற்று என்று எழுதுவேன்.

உங்களிடமிருந்து வேண்டியது: இதை அப்பாவின் பட்டியலில் பார்க்காமல் நம்புவது.'

எழுத்துக்கூட்டிப் படித்தேன். திரும்பவும் படித்தேன். "அந்த 'வியக்க வேண்டும்'ங்கறத மட்டும் எடுத்துடேன்மா" என்றேன்.

"அதுதான் முதலாளி முக்கியம். பொய் சொல்றவங்க எதை வேணா எழுதுவாங்க, தன் மானம் போறத எழுத மாட்டாங்க. அது இருந்தாத்தான் பதினோரு நாளை நம்புவாங்க."

"மேஸ்திரியோடது போதாதா?"

"நான் என்ன பாவம் பண்ணினேன் மச்சான்?" என்று மேஸ்திரி வாசலில் இருந்தே குரல் கொடுத்தான். மறுபடி வெளியே போயிருந்தான்.

மூன்றாம் முறையும் படித்துவிட்டு, அனுப்பு என்றேன். நான் பெரிய தைரியசாலி என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். கட்டுரையைப் பிழை திருத்திக் கொடுத்த மைக் அக்கா அதை அடித்துவிட்டார். "நான் பாத்தப்போ உங்களுக்கு வேர்த்துச்சு" என்றார்.

டாக்டரிடமிருந்து பதில் வர ஒரு மணி நேரம் ஆனது. 'அப்பா படித்துவிட்டுச் சிரித்ததில் அவருடைய கட்டுப்பல் கழன்று விழுந்தது. பதினோரு நாளை நம்புகிறேன். ஒரு சந்தேகம்: இதை உங்கள் முதலாளி பார்த்துவிட்டுத்தான் அனுப்பவிட்டாரா?'

மைக் அக்கா பதில் எழுதினார்: 'பார்த்தார். மூன்று முறை. அழிக்கச் சொன்னார்.'

அந்தப் பதினோரு நாளும் தினமும் மாலை ஒரு வரி போயிற்று. முதல் படி. இரண்டாம், மூன்றாம் படி. 'இன்று ஒன்றும் இல்லை, மின்சாரம் இல்லை. நாளை ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்குவோம்.' ஐந்தாம் படி. மைக் அக்கா வரைபடத்தைக் கண்ணாடியிலிருந்து பிய்த்து, படிக்கட்டின் தூணிலேயே கட்டித் தொங்கவிட்டார். ஒவ்வொரு படிக்கும் தாளைத் தூக்கிப் பிடித்து, தாளையும் இரும்பையும் மாறி மாறிப் பார்த்து, எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று இடக்கையை ஆட்டித் தனக்கே காட்டிக்கொண்ட பிறகே குதித்தார். பதினோராம் நாள் மாலை பதிமூன்றாம் படியில் நின்று எழுதினார்.

மறுநாள் படிக்கட்டு டாக்டரிடம் போய்ச் சேர்ந்தது. மதியத்துக்குள் மாட்டிவிட்டோம். முதலில் ஏறியது மருந்துக்கடைக்காரர். மேலே போய் நின்று கொண்டு, "மாடிக்குத்தான் வந்திருக்கேன்!" என்று கத்தினார். பழைய படிக்கட்டு இன்னும் பட்டறை நடுவில்தான் நிற்கிறது. அதைப் பற்றி எழுதுவதையும் மைக் அக்கா விடவில்லை; ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்கே ஒரு மெயில் வருகிறது. 'முடிந்தது: படிக்கட்டு. முடியாதது: விற்பனை. உங்களிடமிருந்து வேண்டியது: எதிர்ப்பக்கம் ஏறுகிற ஒரு வீடு.'

ஆனால் நான் சொல்ல நினைத்தது மாட்டிய கதை இல்லை. அன்றைக்குக் காலையில், போகிற வழியில் நடந்தது.

லாரியில் தூணும் படிகளும் பின்னால். முன்னால் டிரைவர், நான், மடியில் ஹெல்மெட்டோடு மைக் அக்கா. மணி ஒன்பது நாற்பது. ரயில்வே கேட் எங்கள் மூக்குக்கு முன்னால் இறங்கியது. இந்தக் கேட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்டேஷன் என்பதை நான் யோசிக்கவில்லை. அவர் யோசித்திருக்கிறார், ஜன்னல் கண்ணாடியை ஏற்கனவே ஏற்றி வைத்திருந்தார். ஆனாலும் இறங்கிப் போய்க் கேட் கீப்பரிடம் விசாரித்துவிட்டு வந்தார். இரண்டு வண்டி போக வேண்டும், இருபது நிமிடம். அதற்கு மேல் பத்து நிமிடப் பாதை. பத்து மணி, பத்து பத்தாகிவிடும்.

அவர் இன்னும் லாரியில் ஏறவில்லை, என் போன் அடித்தது. டாக்டர்.

"எங்க இருக்கீங்க?"

'தெரு முனைல திரும்பிட்டோம் டாக்டர்.' அது என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷமாக இருக்கிற இடம் அதுதான், தானாகவே வந்து நிற்கும். அதை அப்படியே முழுங்கிவிட்டு, போனைத் திறந்திருந்த கதவு வழியாக மைக் அக்காவிடம் நீட்டினேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

"டாக்டர், பத்து மணின்னு எழுதியிருந்தேன். பத்து மணிக்கு வர மாட்டோம். பத்து பத்து. ரயில்வே கேட் போட்டிருக்காங்க. ரெண்டு வண்டி..."

அந்த நேரம் பார்த்து ஸ்டேஷன் ஒலிபெருக்கி கணகணத்தது. தெளிவான, இனிமையான, சந்தேகமே வராத குரல். எங்களோடு தினமும் டீ குடிக்கிற குரல். "பயணிகள் கவனிக்கவும். வண்டி இன்னும் சற்று நேரத்தில்..."

மைக் அக்கா போனை நெஞ்சோடு சேர்த்து, அதன் வாயை இரண்டு உள்ளங்கையாலும் இறுகப் பொத்திக்கொண்டு, ஒலிபெருக்கி பேசி முடிக்கும் வரைக்கும் அப்படியே நின்றார்.